கணக்குக் கேட்பது அவமதிப்பாகுமா?

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூர் மதரஸாவில் ஓதிக்கொடுத்து வந்த காலத்தில், மாணவர்களின் சமையற்கட்டுச் செலவைக் கவனிக்கும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் என்னருகே வந்தமர்ந்து, “ஹஜரத், இந்த மாதத்து விறகுச் சீட்டுகளைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. “என்மீது சந்தேகமா?” என்று கேட்டேவிட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: “சந்தேகம் இருந்தால் சீட்டைக் கேட்டிருக்க மாட்டேன் ஹஜரத், ஆளை மாற்றச் சொல்லியிருப்பேன்.”

சீட்டுகளை விரித்துப் பார்த்தோம். ஒரே சுமை விறகு இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. கடைக்காரரின் கைத்தவறு அது. ஆனால் இரண்டு சீட்டுகளிலும் இருந்த கையெழுத்து என்னுடையது. நான் ஒரு காசும் எடுக்கவில்லை. எனினும் ஏழை எளியோர் மாணவர்களின் உணவுக்கெனக் கொடுத்த பணம் என் கை வழியாகவே வீணாகியிருந்தது.

நேர்மையான ஒருவரிடம் கணக்குக் கேட்பது அவரை அவமதிப்பதாகுமா என்னும் வினா அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை. ஒரு மதரஸாவின் அடுப்படியில் எழுந்த இவ்வினா, ஓர் அரசின் கருவூலத்திற்கும் பொருந்துவதேயாகும்.

அரபு மொழியில் ‘ஹிஸாப்’ என்றால் கணக்கு. ‘முஹாஸபா’ என்றால் கணக்குக் கேட்டல். ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டார்கள் என்பதை ஹதீஸ் நூல்கள் இச்சொல்லின் வினை வடிவாலேயே குறிக்கின்றன. அவர் பொருள்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கு பொதுவுக்குரியது, மற்றது தமக்கு வந்த அன்பளிப்பு என்றார். தாய் தந்தையர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதே நாயகம் அவர்கள் எழுப்பிய வினா. பதவிக்கு வருவது வேறு, மனிதருக்கு வருவது வேறு என்னும் பாகுபாடு அந்த ஒரு வினாவுக்குள் அடங்கிவிட்டது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்துகளைக் குறித்து வைத்துக்கொண்டார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அந்த ஆளுநர்கள் பலர் நபித்தோழர்கள். அவர்களுக்கே கணக்கு உண்டெனில், கணக்குக் கேட்பதை இழிவென்று எவர்தான் கூற முடியும்?

இனி நம் நாட்டு நாடாளுமன்றத்திற்கு வருவோம். 1956-ஆம் ஆண்டு ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டு, ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. எளிய குடும்பங்கள் மாதந்தோறும் மிச்சம் பிடித்துக் கட்டிய பணம் அதன் முதல். மறு ஆண்டே, தம் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளாமல், அக்கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகருக்குத் தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ 1 கோடியே 24 இலட்சம் ரூபாய்க்கு வாங்கியது. 1957 டிசம்பரில் இதனை மக்களவையில் விரிவாக எழுப்பியவர் ஃபெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சியின் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன். தம் வீட்டாரின் ஆட்சியிடமே அவர் கணக்குக் கேட்டார். வெறும் வதந்தியை நம்பியன்று, விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. விசாரணை மக்கள் காண வெளிப்படையாக நடந்தது. சில வாரங்களுக்குள் முடிந்தும் விட்டது. அப்போது நிதியமைச்சராயிருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அவர் இப்பணத்தில் தமக்கென எதையும் எடுத்துக்கொண்டதாகக் குழு முடிவு செய்யவில்லை. ஆயினும் தம் துறைச் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்றும், ‘நான் அறியேன்’ என்று அவர் ஒதுங்கிவிட இயலாது என்றும் சாக்ளா கருதினார். 1958 பிப்ரவரியில் அமைச்சர் பதவி விலகினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. தான் திருடாதவன் குற்றவாளி அல்லன். ஆனால் காவலுக்கு நின்றவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கணக்குக் கேட்டவுடன் நமக்குக் கோபம் வருகிறது. என் கையெழுத்திட்ட விறகுச் சீட்டும் எனக்கு இதையே கற்பித்தது.

இந்தப் பொறுப்பைத் தனிமனிதரின் துணிவை மட்டும் நம்பி விட்டுவிடாமல், நம் அரசியலமைப்பு சில ஏற்பாடுகளைச் செய்துள்ளது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அரசின் செலவுகளைத் தணிக்கை செய்கிறார். அவருடைய அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்குரிய முறையிலன்றி அவரைப் பதவியிலிருந்து அகற்ற இயலாது. அவ்வறிக்கையை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவில் மக்களவையினர் 15 பேரும் மாநிலங்களவையினர் 7 பேரும் இடம்பெறுவர். அமைச்சர் எவரும் அதில் உறுப்பினராக முடியாது. 1967 முதல் எதிர்க்கட்சியினர் ஒருவரே அதன் தலைவராவது மரபாக இருந்து வருகிறது. பொதுத்துறை நிறுவனங்களை ஆராய்வதற்கென 1964-இல் தனிக்குழுவும் அமைந்தது.

ஏற்பாடுகள் இருந்தும் குறைகள் இல்லாமலில்லை. தணிக்கை பெரும்பாலும் பணம் செலவான பின்னரே நடைபெறுகிறது. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்துவதில்லை. தணிக்கை அறிக்கையை இத்தனை நாளுக்குள் அவையில் வைத்தாக வேண்டும் என்று அரசியலமைப்பு காலக்கெடு விதிக்கவுமில்லை. எனவே கேட்பவர் சோர்ந்தால், எவ்வளவு சிறந்த சட்டமும் வெறும் ஏடாகிவிடும்.

கேட்பவருக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. ஆதாரமின்றிப் பழி சுமத்துவது கணக்குக் கேட்பதாகாது, அது அவதூறு. எதிர்க்கட்சி செய்தால் ஊழல், நம்மவர் செய்தால் நிர்வாகத் தவறு என்று இரட்டைத் தராசு பிடிப்பதும் நீதியாகாது. தன் பக்கத்தாரிடம் கேட்கத் துணிந்தவனுக்கே எதிர்ப்பக்கத்தாரிடம் கேட்கும் தகுதி உண்டு.

இதற்கான பயிற்சி தில்லியில் தொடங்குவதன்று. பள்ளிவாசல் வரவு செலவைப் பலகையில் எழுதி வைக்கும் ஊரிலும், சந்தாப் பணத்திற்குச் சீட்டுக் கேட்பவரை முகம் சுளிக்காமல் நோக்கும் நிர்வாகியிடத்திலும் அது தொடங்குகிறது. கேட்கப்படாத ஊரில் வளர்ந்த பிள்ளை, நாளை அலுவலக நாற்காலியில் அமரும்போது, கேட்பவனைப் பகைவனாகவே காண்பான்.

மறுமையில் கேள்வி கணக்கு உண்டென்று நம்புகின்ற நாம், இம்மையில் கணக்குக் கேட்பவரைக் கண்டு வெகுள்வது பொருந்துமா? அன்று என்னிடம் விறகுச் சீட்டுக் கேட்ட அப்பெரியவர் இன்று இல்லை. அவரிடம் கோபித்துக்கொண்டமைக்கு நான் மன்னிப்புக் கேட்டதுமில்லை. அந்தக் கடன் இன்னும் என் கணக்கில் நிற்கிறது.