கேட்பது பகையா?



"நாலு காசுக்காகக் கோர்ட்டுப் படி ஏறுவதா? அது நமக்கு அழகல்ல" என்று நம்மில் பலர் சொல்லக் கேட்கிறோம். நாமும் அப்படிச் சொல்லி வந்தவர்கள்தாம். அது உண்மையில் பெருந்தன்மையா என்பதே இங்கு நமது கேள்வி.

நம் கடையில் சரக்கெடுத்த உணவுக் கடைக்காரர் ஒருவர் 1,840 வெள்ளி பாக்கி வைத்தார். அவரிடம் நேரில் நாம் கேட்டது இரண்டே முறை. அவரைப் பற்றித் தேநீர்க் கடையில் பேசியதோ ஓராண்டு காலம்! கோர்ட்டுக்குப் போகாத நம் கௌரவம் அவருடைய மானத்தைத் தின்றுகொண்டிருந்தது. கடைசியில் வெட்கமடைந்து மனுச் செய்தோம்.

சிங்கப்பூரில் 1985-ஆம் ஆண்டு முதல் சிறு கோரல் நடுவர் மன்றம் நடந்து வருகிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். இரு தரப்பாரும் எழுத்து மூலம் இசைந்தால் 30,000 வரை. சரக்கு விற்றதிலும் வேலை செய்து கொடுத்ததிலும் எழும் தகராறு அங்கே செல்லும். கைமாற்றாகக் கொடுத்த கடன் செல்லாது. தகராறு எழுந்த இரண்டாண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். வக்கீல் எவருக்கும் கிடையாது. பெரிய கம்பெனியாயினும் அதன் ஆளே வந்து பேச வேண்டும். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு. எடுத்த எடுப்பில் தீர்ப்பு இல்லை. முதலில் பதிவாளர் முன் இருவரும் அமர்ந்து பேச வேண்டும். இசைவு ஏற்பட்டால் அதுவே உத்தரவாகும். ஏற்படாவிடில்தான் நடுவர் முன் விசாரணை.

அங்கே அமர்ந்தபோதுதான் அவர் வாய் திறந்தார். இரண்டு மூட்டை மிளகாய் ஈரம் பாய்ந்து வந்ததாம். நம் கடைப் பையனிடம் அன்றே சொன்னாராம். பையனை விசாரித்தோம். உண்மைதான்! ஓராண்டாக ஊரெல்லாம் பேசிய நாம், அவர் பக்கத்தை ஒரு நாளும் கேட்கவில்லை. 300 வெள்ளியைக் கழித்தோம். மீதி 1,540 வெள்ளியை மூன்று தவணையில் தர அவர் ஒப்பினார்; தந்தும் விட்டார். இன்று மறுபடியும் நம்மிடமே சரக்கெடுக்கிறார்.

"இல்லாதவனுக்குத் தவணை கொடுக்கும்படி அல்லவா மார்க்கம் சொல்கிறது?" என்று கேட்கலாம். ஆம். ஆனால் இல்லாதவர் யார், இருந்தும் தராதவர் யார் என்பதை முகத்துக்கு நேரே கேளாமல் எப்படி அறிவது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் ஆயத்தே திருக்குர்ஆனில் மிக நீளமானது. எழுதுவது சந்தேகத்தால் அல்ல, சகோதரத்துவம் கெடாமல் இருக்கவே. மன்றத்திலும் நமக்காகப் பேசுவது கைச்சாத்திட்ட பில்லும் ரசீதுமே அன்றி நம் கோபமல்ல.

ஹக்கை நேரே கேட்பது பகையல்ல. கேளாமல் புறம் பேசுவதே பகை. முதலில் வீடு தேடிச் சென்று கேளுங்கள். பின் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். அதுவும் முடியாதபோது, தயங்காமல் அந்தப் படியை ஏறுங்கள். ஏறும்போது, நம் மீதும் தவறு இருக்கலாம் என்ற நினைப்பையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

அல்லாஹ் நம் கணக்கையும் நாவையும் நேராக்கி வைப்பானாக! ஆமீன்.