யாருடைய காதல்?

பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போகும் தாய்மார்களின் மகள்கள் என் வகுப்பில் படிக்கிறார்கள். சிலர் கைபேசியில் ஜப்பானிய ஆண்-ஆண் காதல் படக்கதை வாசிக்கிறார்கள். 1978இல் வந்த ‘ஜூன்’ தொடங்கி, அவ்வகை இதழ்களில் வரைந்தவர்களும் வாசித்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. கதையில் பெண் இல்லையென்றால் கற்பு, கர்ப்பம், வரதட்சணை, ஊர்ப்பேச்சு எதுவுமில்லை. அந்த நிம்மதி எனக்குப் புரிகிறது.

ஆனால் 1992இல், தன்பால் ஈர்ப்பாளரான மசாகி சாத்தோ ஒரு பெண்ணிய இதழிலேயே இதைக் கண்டித்தார்: எங்கள் வாழ்வு உங்கள் கற்பனைக்குத் தீனியா என்ற பொருளில்.

குறிஞ்சிப்பாட்டில் தோழியாகப் பேசுபவர் கபிலர். அதை மரபென்று பாடம் நடத்திவிட்டு இப்பெண்களுடையதை மட்டும் எப்படித் திருட்டு என்பது? ஆனால் கபிலரிடம் எந்தத் தோழியும் கணக்குக் கேட்டதில்லை, சாத்தோ கேட்டுவிட்டார். படக்கதைக்கு உருகும் மாணவி, நளினமாக நடக்கும் வகுப்புப் பையனை மற்றவர்கள் கேலி செய்யும்போது சேர்ந்து சிரிக்கிறாளா என்றுதான் கவனிக்கிறேன்.