கறுப்பு வளையலும் 48 மோதிரங்களும்

பொன் என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளத்தில் முதலில் தோன்றுவது அதன் ஒளி. ஒளிராத பொன்னை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அணிந்தவரைப் பிறர் காணவேண்டும், அணிந்திருப்பதைப் பிறர் மதிப்பிடவேண்டும். நகையின் வேலையே அதுதான் என்று பழகிவிட்டோம். இந்தப் பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கிய நகையொன்று 1980-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. செய்தவர் ஓட்டோ கூன்ஸ்லி. 1948-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்து, ஜெர்மனியின் மியூனிக் நகரில் தங்கிப் பணியாற்றிய பொற்கலைஞர் இவர். அந்நகரின் கலைக்கழகத்தில் 1991 முதல் பல்லாண்டுகள் நகைக்கலைப் பேராசிரியராகவும் விளங்கினார்.

அந்த நகை ஒரு வளையல். கறுப்பு ரப்பர்க் குழாயை வட்டமாக இணைத்துச் செய்யப்பட்டது. ஓரிடத்தில் மட்டும், விழுங்கிய இரை வயிற்றில் தங்கிய பாம்பைப்போல, குழாய் சற்றே புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குள் இருப்பது தங்கக் குண்டு. வெளியே ஓர் இழை பொன்கூடத் தெரியாது. 'பொன் குருடாக்கும்' என்பது கலைஞர் அதற்கு இட்ட பெயர்.

நம் ஊர்ப் பொற்கொல்லரிடம் இதைக் கொடுத்தால் என்ன செய்வார்? உரைகல்லை எடுப்பார், ஆனால் உரைத்துப் பார்க்க எதுவுமில்லை. உள்ளிருப்பது பொன்தானா, ஈயமா என்று அறியவேண்டுமானால் ரப்பரை அறுத்தாக வேண்டும். அறுத்துவிட்டால் வளையல் வளையலாக இராது. அறிய விரும்புகிறவன் அழிக்கவேண்டும். அழிக்க மனமில்லாதவன் நம்பவேண்டும்.

இதைக் கேட்டவுடன் விசுவாசத்துக்கு நல்ல உவமை கிடைத்தது என்று நம்மில் சிலர் மகிழக்கூடும். மறையுரைகளுக்கு ஏற்ற உவமைதான். ஆயினும் சற்று நிதானிப்போம். நிலத்தில் புதையல் மறைந்திருந்ததாக ஆண்டவர் சொன்ன உவமையில், அந்த மனிதன் புதையலை முதலில் கண்டுபிடிக்கிறான். பிறகுதான் மறைத்து வைக்கிறான். அந்த மகிழ்ச்சியிலேதான் தனக்குள்ள யாவற்றையும் விற்கப் போகிறான். கூன்ஸ்லியின் வளையலை வாங்கியவரோ எதையும் காணவில்லை. செய்தவரின் வாக்கு ஒன்றே அவருக்குப் பிடிமானம். எனவே உவமை ஒரு காலால் நொண்டுகிறது. ஆனால் வளையல் எழுப்பும் கேள்வி நொண்டவில்லை: பிறர் காணமுடியாதபோதும் பொன் நமக்கு வேண்டுமா? வேண்டுமென்றால், எதற்காக?

இன்றைய நகைக்கலைஞர்கள் எல்லாருமே இவ்வழியில் செல்பவர்கள் அல்லர். பாரிசின் வாந்தோம் சதுக்கத்தில் 1978-இல் கடை திறந்த ஜோயல் ஆர்தர் ரோசந்தால், 'ஜார்' என்ற பெயரால் உலகறிந்தவர், மணிகளை நெருக்கிப் பதித்துப் பட்டாம்பூச்சிகளையும் மலர்களையும் ஆக்கியவர். 2013-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய 400-க்கும் மேற்பட்ட படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. கண்ணுக்கு விருந்து அது. அழகைக் குறைகூற நமக்கு மனமில்லை. பெத்தானியாவில் விலையுயர்ந்த நறுமணத் தைலம் ஊற்றப்பட்டபோது முணுமுணுத்தவர்களின் பக்கம் ஆண்டவர் நிற்கவில்லை. ஆயினும் நம் மனம் திரும்பத் திரும்ப மியூனிக்குக்கே செல்கிறது. அங்கே கூன்ஸ்லி செய்த இன்னொரு நகை நம்மை விடுவதாயில்லை.

1985-86-இல் அவர் ஒரு கழுத்துச் சங்கிலி செய்தார். அதன் கண்ணிகள் ஒவ்வொன்றும் ஒரு திருமண மோதிரம். மொத்தம் 48. எவையும் புதியவை அல்ல. யாரோ ஒருவர் விரலில் இருந்து, கழற்றப்பட்டு, விலைக்கு வந்தவை. ஜெர்மானியர் மண மோதிரத்தின் உட்புறத்தில் துணைவரின் பெயரையும் திருமண நாளையும் பொறித்துக்கொள்வது வழக்கம். மோதிரங்களை அவர் உருக்கவில்லை. வெட்டித் திறந்து, ஒன்றோடொன்று கோத்து, மீண்டும் ஒட்டவைத்தார்.

எடையைப் பார்த்தால் அது நல்ல பொற்சங்கிலி. ஆனால் அதைக் கழுத்தில் போட நமக்குத் துணிவு வருமா? விதவையான ஒருத்தியின் வறுமை, மணமுறிவின் கசப்பு, பெற்றோர் மறைந்தபின் பங்கு பிரித்த பிள்ளைகளின் அவசரம் ஆகிய எவற்றையெல்லாம் அந்தக் கண்ணிகள் கண்டனவோ! திருச்சபையின் போதனைப்படி மோதிரம் திருமணத்தை உண்டாக்குவதில்லை. மணமக்களின் சம்மதமே உண்டாக்குகிறது. மோதிரம் மந்திரிக்கப்பட்ட அடையாளம், அவ்வளவே. அது தொலைந்தால் திருமணம் தொலைவதில்லை. அப்படியானால் விற்கப்பட்ட மோதிரங்களைக் கண்டு நாம் ஏன் கலங்கவேண்டும்? உலோகந்தானே என்று ஏன் கடந்து செல்ல முடியவில்லை?

நம் வீடுகளிலும் இக்கேள்வி உண்டு. நாம் நகையை அழித்துச் செய்கிறோம். 'அழித்து' என்ற சொல்லைக் கூச்சமின்றிச் சொல்கிறோம். பாட்டியின் காசுமாலை பேத்தியின் கல் நெக்லசாகிறது. சேதாரமும் செய்கூலியும் பேசுகிறோமேயன்றி அழிந்தது எது என்று கேட்பதில்லை. ஆனால் பீடத்தின்முன் குருவானவர் மந்திரித்த, சிலுவை பொறித்த தாலியை எடுத்துக்கொண்டு அடகுக் கடை வாசலில் நிற்கும் பெண்ணுக்கு அந்தக் கேள்வி கேட்காமலே வந்துவிடுகிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். கணவருக்குத் தெரிந்தும் தெரியாததுபோல் ஓர் ஒப்பந்தம். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். பூசைக்கு வரும்போது சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். தான் ஏதோ புனிதமானதை விற்றுவிட்டதாக அவள் வெட்கப்படுகிறாள்.

அவளுக்காக நாம் மிலான் நகர ஆயர் புனித அம்புரோசியாரிடம் செல்வோம். 378-இல் அட்ரியானோப்பிள் போரில் உரோமைப் படை தோற்றபின், எண்ணற்றோர் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களை மீட்கப் பணம் வேண்டியிருந்தது. ஆயர் கோவிலின் திருப்பாத்திரங்களை உடைத்து உருக்கினார். எதிரணியினரான ஆரியுசின் சீடர்கள் இதைப் பெருங்குற்றமாகப் பேசினர். கடமைகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் ஆயர் இதற்கு விடையளித்தார்: பொன்னைக் காப்பதைவிட மனிதரைக் காப்பதே மேல், திருச்சபை பொன்னை வைத்திருப்பது பூட்டிவைக்க அன்று, தேவைப்படும்போது செலவிட.

பலரும் அறிந்த பகுதி இது. இதனோடு அவர் சேர்த்துச் சொல்லும் ஒரு சிறு குறிப்பையே நாம் முக்கியமாகக் கருதுகின்றோம். பாத்திரங்களை அப்படியே விற்றுவிடலாகாது என்கிறார். மறைபொருளைத் தாங்கிய கிண்ணத்தின் வடிவம் ஆலயத்தை விட்டு வெளியேறி இழிந்த பயனுக்கு உள்ளாகக்கூடாது. ஆகவே முதலில் அர்ச்சிக்கப்படாதவற்றைத் தேடி எடுக்கவேண்டும்; உடைக்கவேண்டும்; உருக்கவேண்டும்; பின்னரே ஏழைகளுக்குப் பங்கிடவும் கைதிகளை மீட்கவும் பயன்படுத்தவேண்டும். உருக்குவது இங்கே அவமதிப்பு அன்று. வடிவத்துக்குச் செய்யும் மரியாதையே உருக்குதல்.

இந்த அளவுகோலை அந்தச் சங்கிலியின்மேல் வைத்தால் கூன்ஸ்லி தவறு செய்தவராகிறார். உருக்கியிருக்கவேண்டியதை உருக்காமல், வாக்குறுதியின் வடிவத்தை அந்நியர் கழுத்துக்கு அனுப்பினார் அல்லவா? நெடுநேரம் நாம் அப்படித்தான் எண்ணினோம். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. அவருக்கு வராதிருந்தால் அந்த 48 மோதிரங்களும் ஏதோ ஓர் உலையில் ஒரே கட்டியாகியிருக்கும். பெயர்கள் பெயர்களாக எஞ்சியிரா. அம்புரோசியார் உருக்கியது மனிதரை மீட்க. பழம்பொன் வணிகர் உருக்குவது எடைக்காக. தீ ஒன்றுதான், இரண்டையும் ஒரே செயலென்று யார் சொல்வார்?

தாலியை அடகு வைத்த அந்தத் தாய் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதில் நமக்கு ஐயமில்லை. தன்னையே கொடுப்பதாக அன்று பீடத்தில் சொன்னாள். தாலி அந்தச் சொல்லின் அடையாளம். இன்று அவள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். போர்த்தி மறைக்க அவளுக்கு எந்த அவசியமும் இல்லை. மோதிரத்தை விற்ற அந்த ஜெர்மானியரைப் பற்றி நாம் இப்படிச் சொல்ல முடியாது. அவர்களைத் தீர்ப்பிடவும் முடியாது. ஹைஸ் பாக்கர் என்னும் டச்சுக் கலைஞர் 1973-இல், பொற்கம்பியை உடலில் இறுகக் கட்டிக் கழற்றியபின் தோலில் பதிந்திருந்த தடத்தையே நகை என்று காட்டினார். நெடுங்காலம் அணிந்த மோதிரமும் விரலில் அத்தகைய பள்ளத்தை விட்டுச்செல்லும். விற்ற பணம் செலவான பிறகும் சில நாள் அது அங்கேயே இருந்திருக்கும்.

மோதிரம் விரலில் உள்ளவரை அதன் உட்புற எழுத்தைப் பிறர் படிக்க இயலாது. அது தோலை நோக்கியது; இருவருக்கு மட்டுமே உரியது. சங்கிலியில் கோக்கப்பட்டபின் அந்த உட்புறம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. கறுப்பு வளையலில் பொன்னை ஒளித்தவரே இங்கே ஒளிந்திருந்ததைத் திறந்துவிட்டார்.

நவம்பர் 2-ஆம் நாள் நம் உறவினர் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிச் செபித்துவிட்டுத் திரும்பும்போது, மாலையோ திரியோ இல்லாத கல்லறைகளின்முன் நின்று, அறியாதவர் பெயர்களையும் ஆண்டுகளையும் நாம் படிப்பதுண்டு. அந்தச் சங்கிலி என்றேனும் நம் கைக்கு வந்தால் கழுத்தில் போடமாட்டோம். உள்ளங்கையில் வைத்து, கண்ணி கண்ணியாக விரலால் நகர்த்தி, பெயர்களைப் படிப்போம் என்றே நினைக்கின்றோம்.