மதில்மேல் ஒரு கானகம்

மயிலாப்பூர்க்காரரான மா. கிருஷ்ணன் காட்டு யானைகளைப் படமெடுத்துப் பேர் வாங்கியவர். ஆனால், கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும்வரை அவர் எழுதிவந்த பத்தியில் காக்கைக்கும் அணிலுக்கும் அதே மரியாதை கிடைத்தது. வீட்டு மதிலில் வந்து உட்காருவதைக் கவனிக்காதவர், முதுமலைக்குப் போய் எதைப் பார்த்துவிடப் போகிறார்?

அடையாறிலோ தி.நகரிலோ கோடையில் ஒரு வேப்பமரம் போதும். கன்னங்கரேலென்ற ஆண்குயில் காக்கைக் கூட்டின் பக்கம் போய் வம்பு வளர்க்கும். காக்கைகள் அதை விரட்டிக்கொண்டு ஓட, உடம்பெல்லாம் புள்ளி தெளித்த பெண்குயில் சந்தடியில்லாமல் முட்டையிட்டுவிட்டு நழுவும். அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் காக்கையின் தலையில். ஊரறிந்த கதைதான், ஆனாலும், அந்த ‘குக்கூ’ ஆணின் குரல் என்றால் இன்றும் பலர் நம்புவதில்லை.

2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கலின் நான்கு நாட்களிலும் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் குறித்து ‘இ-பேர்டு’ தளத்தில் ஏற்றினால் போதும். தினம் பார்ப்பதுதானே என்று காக்கையையும் மாடப்புறாவையும் மட்டும் விட்டுவிடக் கூடாது.