விமானியின் கூலியும் நாட்டாமையின் கூலியும்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதித் தேநீர்க் கடைகளிலும் பள்ளிவாசல் முன்றல்களிலும் பேசப்பட்ட விடயங்களுள் விமானிகளின் சம்பளமும் ஒன்று. 'நட்டத்தில் ஓடும் கொம்பனியில் இவர்களுக்கு எதற்கு இவ்வளவு?' என்றே பலரும் கேட்டனர். அக்கேள்வியைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் திரண்ட நட்டம் 600 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. அதன் 175 மில்லியன் டொலர் கடன் பத்திரத்துக்கு அரசே பிணை நின்றது. அரசு சுமக்கும் கடனை இறுதியில் யார் செலுத்துகிறார்கள்? 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியைக் கடைவாசலில் செலுத்துகின்ற ஏழையும் செலுத்துகின்றான்.

மறுபுறத்தில் விமானிகளின் நியாயமும் இலேசானதன்று. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதமளவில் அது 360 ரூபாவை எட்டியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வருமான வரியின் உச்ச வீதம் 36 ஆனது. வைத்தியர்களும் பொறியியலாளர்களும் நாட்டை விட்டுச் சென்றதைப் போலவே விமானிகள் பலரும் வெளிநாட்டு நிறுவனங்களை நாடிச் சென்றனர். 2023இல் விமானிகள் பற்றாக்குறை பகிரங்கப் பிரச்சினையாயிற்று. எனவே 'எவ்வளவு கொடுப்பது?' என்ற கேள்வி, 'கொடுக்காவிட்டால் யார் ஓட்டுவது?' என்ற கேள்வியாகவும் மாறியது.

ஆனால் இவ்விரண்டுக்கும் முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. ஒரு மனிதனின் உழைப்புக்கு இன்னதுதான் நியாயமான கூலி என்று எதைக் கொண்டு தீர்மானிப்பது?

சந்தையே தீர்மானிக்கட்டும் என்பது ஒரு விடை. மதீனாவில் விலைகள் ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு தோழர்கள் வேண்டினர். நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை என்பதையும், எவருடைய உரிமையையும் பறித்தவராக இறைவனைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை என்பதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. இதைக் கொண்டு சந்தையில் எவரும் தலையிடலாகாது என வாதிட்டோர் உண்டு. எனினும் இப்னு தைமிய்யா (1263–1328) 'அல்ஹிஸ்பா' என்ற தமது நூலில் இதனை நுணுகி நோக்கினார். இயல்பாக ஏறும் விலையைப் பலவந்தமாகக் குறைப்பது அநீதி. மக்களின் தேவையைப் பற்றிக்கொண்டு விலை பேசுவோரை நியாயத்தின் எல்லைக்குள் நிறுத்துவது நீதி என்பது அவரது நிலைப்பாடு. உழவர், நெசவாளர், கட்டடத் தொழிலாளர் போன்றோரின் உழைப்பு மக்களுக்கு அவசியமாகும்போது, அவர்கள் நியாயமானதைவிட அதிகம் கேட்கவும் கூடாது, மக்கள் அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கவும் கூடாது என்றார். அந்த அளவுக்கு 'உஜ்றதுல் மித்ல்' என்று பெயர். ஒத்த வேலைக்கு ஒத்த கூலி என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

சிக்கல் 'ஒத்த' என்ற சொல்லில்தான் இருக்கின்றது. நமது விமானி யாருக்கு ஒத்தவர்? இப்னு தைமிய்யாவின் திமிஷ்கில் நெசவாளனுக்கு ஒத்தவன் அதே ஊரின் இன்னொரு நெசவாளன். இன்று ஏ330 விமானத்தைச் செலுத்தப் பயின்றவர் வேறு நாட்டிலும் அதே வகை விமானத்தில் அமர முடியும். அவருடைய சந்தை கடல் கடந்தது. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் அரிசி மூட்டை சுமக்கும் நாட்டாமையின் சந்தையோ அந்தத் தெருக்களோடு முடிந்துவிடுகின்றது. இருவரின் கூலிக்கும் இடையிலுள்ள தூரத்தில் ஒரு பகுதி திறமைக்கும் நீண்ட பயிற்சிக்கும் உரியது, அதை மறுப்பதற்கில்லை. இன்னொரு பகுதி, ஒருவருக்கு வெளியேறும் கதவு திறந்திருப்பதற்கும் மற்றவருக்கு அது மூடியிருப்பதற்கும் கிடைக்கும் விலை. அந்த இரண்டாம் பகுதியைத் தகுதி என்று அழைப்பது பொருந்தாது. ஆனால் அதைக் கணக்கில் எடுக்காத நாடு தன் விமானிகளை இழந்துவிடும். எனவே அதனைக் கொடுக்க நேரிடலாம். கொடுக்கும்போது அது என்னவென்று அறிந்து கொடுக்க வேண்டும்.

பொறுப்பைக் கொண்டு அளக்கலாமே என்பது மற்றொரு விடை. முந்நூறு உயிர்கள் ஒருவரின் கையில் என்பார்கள். அப்படியாயின் காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸின் சாரதி ஒரு நாளில் எத்தனை உயிர்களைச் சுமக்கின்றார்? அவருக்கு நாம் என்ன கொடுக்கின்றோம்? தனியார் பஸ்களில் பெரும்பாலும் அன்றைய வசூலைப் பொறுத்தே சாரதியின் வருமானம் அமைகின்றது. அதனால் வெள்ளவத்தைச் சந்தியில் ஒரு பயணிக்காக இரண்டு பஸ்கள் போட்டியிட்டு ஓடுவதை நாள்தோறும் காண்கின்றோம். சாரதிகளின் குணத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கூலி கொடுக்கும் முறையே அவர்களை விரட்டுகின்றது. கூலி எவ்வளவு என்பதைப் போலவே அது எப்படிக் கொடுக்கப்படுகின்றது என்பதும் அறம் சார்ந்த விடயம் என்பதற்கு இதைவிட அண்மைய சான்று தேவையில்லை.

விமானிக்கும் இது பொருந்தும். உலகெங்கும் பொதுவாக அவர்களது வருமானத்தில் நிலையான சம்பளமும் பறக்கும் மணித்தியாலங்களுக்கான கொடுப்பனவும் கலந்திருக்கும். களைப்பு ஆபத்தானது என்பதால்தான் ஐரோப்பிய விதிகள் 28 நாட்களுக்கு 100 பறப்பு மணித்தியாலம் என எல்லை வகுத்துள்ளன. நிலையான பகுதி சிறுத்து மணிக்கூலி பெருத்தால், காய்ச்சலோடும் உறக்கமின்றியும் பறக்கத் தூண்டுதல் ஏற்படும். 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரருகே நிகழ்ந்த கொல்கன் எயார் விமான விபத்தில் 50 பேர் உயிரிழந்தனர். தலைமை விமானி கருவியின் எச்சரிக்கைக்குத் தவறாகச் செயற்பட்டதே காரணம் என விசாரணை முடிவு செய்தது. சம்பளத்தை அது காரணமாகக் கூறவில்லை. ஆயினும் மிகக் குறைந்த ஊதியம் பெற்ற துணை விமானி, சியாட்டிலில் பெற்றோரோடு வாழ்ந்து, முந்தைய இரவு முழுவதும் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார் என்பது வெளிப்பட்டபோது அந்நாடு அதிர்ந்தது.

அடுத்தது நட்டம். நிறுவனம் நட்டமடைவதால் ஊழியரின் கூலியைக் குறைக்கலாமா? நமது பிக்ஹு இங்கே தெளிவான வேறுபாட்டைக் காட்டுகின்றது. கூலியாள் வேறு, வியாபாரப் பங்காளி வேறு. முழாறபாவில் இலாபம் பகிரப்படும். முதலின் நட்டம் முதலீட்டாளரைச் சேரும். கூலியாளுக்கோ இலாபத்திலும் பங்கில்லை, நட்டத்திலும் பங்கில்லை. பேசிய கூலி அவருடைய உரிமை. 1979இல் எயார் லங்காவாகத் தொடங்கிய இந்நிறுவனத்தின் கதையில், 1998 முதல் 2008 வரை எமிரேட்ஸின் முகாமைத்துவம், 2001 ஜூலையில் கட்டுநாயக்கத் தாக்குதல், 2016இல் ஏ350 விமான ஒப்பந்தங்களை இரத்துச் செய்யக் கொடுத்த பெருந்தொகை, 2020இல் எயார்பஸ் நிறுவனம் பிரித்தானிய நீதிமன்றில் செய்துகொண்ட உடன்பாட்டில் வெளியான இலஞ்ச விவகாரம் என எத்தனையோ அத்தியாயங்கள் உண்டு. இவற்றை விமானி அறையில் அமர்ந்தவர்கள் எழுதவில்லை. அந்தக் கணக்கை அவர்களின் சம்பளத்தில் கழிப்பது நீதியாகாது. இப்படியொரு வியாபாரத்தை மக்கள் பணத்தில் நடத்தத்தான் வேண்டுமா என்று கேட்க மக்களுக்கு உரிமையுண்டு. அது வேறு கேள்வி.

அதே அளவுகோல் விமானிகளையும் கட்டுப்படுத்தும். களைப்புற்ற நிலையில் பறக்க மறுப்பது அவர்களின் கடமை. உம்றாவுக்குச் செல்வோரும் வளைகுடாவில் வேலைக்குச் செல்லும் பெண்களும் விமான நிலையத்தில் நிறைந்திருக்கும் நாள் பார்த்து, பாதுகாப்பின் பெயரால் கூலியை உயர்த்தப் பேரம் பேசுவது அவ்வாறானதன்று. தேவையைப் பிடித்துவைத்து விலை ஏற்றுவதை மார்க்கம் கண்டிப்பது தானியத்துக்கு மட்டுமா?

ஆகவே நிர்வாகமும் சங்கமும் நெருக்கடி வேளையில் மூடிய அறைக்குள் முடிவு செய்வதைவிட, இரு தரப்பையும் சாராத ஒரு சபை குறித்த கால இடைவெளியில் தீர்மானிப்பதே நலம். ஒப்பீடு தென்னாசியாவின் ஒத்த அளவுள்ள நிறுவனங்களோடு இருக்கட்டும். வளைகுடாவின் செல்வந்த நிறுவனங்களோடு வேண்டாம். சம்பளத்தின் பெரும்பகுதி நிலையானதாக இருக்கட்டும். முடிவும் காரணமும் வெளியிடப்படட்டும். மத்யனில் மூஸா (அலை) அவர்கள் செய்த ஒப்பந்தத்தில் எட்டு ஆண்டுகள் என்ற தவணையும், பத்தாக்குவது அவர்களின் விருப்பம் என்பதும் முன்பே பேசப்பட்டன. கூலிக்கு அமர்த்தத் தக்கவரிடம் வேண்டிய பண்புகளாக அங்கே கூறப்பட்டவையும் இரண்டு: ஆற்றல், நம்பகம். விமானிக்கு இவ்விரண்டும் வேண்டும். அமர்த்துவோருக்கும் இரண்டாவது வேண்டும்.

இத்தகைய சபை விமானிக்கு மட்டும் அமைந்தால் போதாது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக்குவதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது! வெளியேறும் கதவு இல்லாதவருக்குத்தான் நியாயமான கூலியை நிர்ணயிக்கும் சபை அதிகம் தேவை. விமானி தன் நியாயத்தைத் தானே பேசிக்கொள்வார். பேச இயலாதவரின் கூலியை எப்படி நிர்ணயிக்கின்றோம் என்பதில்தான் நமது நீதி சோதிக்கப்படுகின்றது.