காட்டுதலும் உடன்காணுதலும்

காட்சி என்பது காண்பவருக்கே உரிய உடைமையா, அல்லது காணப்படும் பொருள் தன்னைத் தந்தருள்வதால் நிகழ்வதா என்னும் கேள்வி தமிழகத்துச் சமய தத்துவங்களுக்குப் பழகிய ஒன்று. சைவ சித்தாந்தமும் சமணமும் இதற்கு வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. பள்ளிகளில் டிஜிட்டல் ஒளிப்படக் கலையைப் பயிற்றுவிக்கும் வகுப்புகள் இக்கேள்வியை ஏட்டிலிருந்து எடுத்துப் பதின்பருவ மாணவரின் கையில் வைத்துவிடுகின்றன. 2016-இல் தொடங்கப்பட்டு, ஈராண்டுக்கொருமுறை நிகழும் ஒளிப்பட விழாவாகிய சென்னை ஃபோட்டோ பியனாலே, தனது நான்காம் பதிப்புக்கு ‘ஏன் ஒளிப்படம்?’ என்னும் பொருள்படும் தலைப்பையே தேர்ந்துகொண்டது தற்செயலன்று. யார் வேண்டுமானாலும் எதையும் படமாக்கிவிட முடிகிற காலத்தில் செய்முறையைவிட நோக்கமே முதலில் ஆராயத்தக்கது.

சென்னையின் யானைக்கவுனியில் இக்கேள்வியை ஆராய ஒரு நல்ல வாய்ப்பு ஆண்டுதோறும் அமைகிறது. புரட்டாசியில் திருமலைப் பிரம்மோற்சவத்தை ஒட்டி, பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் வெண்பட்டுத் திருக்குடைகள் யானைக்கவுனியைத் தாண்டிச் செல்வதைக் காண மக்கள் திரள்கின்றனர். அந்தக் கூட்டத்தில் இன்று கும்பிடும் கைகளுக்கு நிகராகக் கைப்பேசி ஏந்திய கைகளும் உயர்கின்றன. ஒளிப்பட வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர் கேமராவைத் தானியங்கி முறையில் வைத்து, சட்டகம் முழுவதையும் நிறைக்குமாறு ஒரு குடையைப் படமெடுத்தால், வெள்ளைப் பட்டு மங்கிய சாம்பல் நிறமாகப் பதிவாவதைக் காண்பார். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, அதாவது வரும் ஒளியின் அளவைக் கணக்கிடும் கருவி, தன் முன்னால் இருப்பது எதுவாயினும் அதன் சராசரியை, விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நடுச்சாம்பல் என்றே அடிப்படையில் கொள்கிறது. ஆகவே வெண்மையைக் கண்டால் ஒளி மிகுந்துவிட்டது எனக் கருதிக் குறைக்கிறது. கருங்கல் தூணைக் கண்டால் ஒளி போதவில்லை எனக் கருதிக் கூட்டி, அதையும் சாம்பலாக்குகிறது. எதிரே இருப்பது வெள்ளை என்பதை அறிந்த மாணவர், எக்ஸ்போஷரை, அதாவது சென்சாரில் விழும் ஒளியின் அளவை, ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூட்டினால்தான் குடை குடையாகத் தெரியும்.

இச்சிறு தொழில்நுட்பச் செய்தியில் ஒரு பெரிய தத்துவ உண்மை அடங்கியிருக்கிறது. அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில், அறிவை நிறுவும் வாயில்களுள் ஒன்றாகிய காட்சியை ஆராயும்போது, ஐயமும் திரிபும் நீங்கியதையே உண்மைக் காட்சியாகக் கொள்கிறார். கட்டையா மனிதனா என மயங்குவது ஐயம், ஒன்றை வேறொன்றாகவே துணிவது திரிபு. ‘கேமரா பொய் சொல்லாது’ என்று பலர் நம்புகின்றனர். ஆனால் குடையைச் சாம்பலாக்கிய கேமராவிடம் ஐயம் சிறிதும் இல்லை, அது உறுதியாகத் திரிந்து கண்டது. பொருளுக்குப் பெயர், சாதி (அதாவது இனவகை), குணம், தொழில் முதலியவற்றை ஏற்றாமல் வெறுமனே உள்ளதாக மட்டும் அறிவதை நிருவிகற்பக் காட்சி என்றும், அவற்றோடு சேர்த்து அறிவதைச் சவிகற்பக் காட்சி என்றும் அம்மரபு பிரிக்கும். கருவியின் பார்வை முதல் வகையைச் சேர்ந்தது என்று தோன்றினாலும், எது சராசரி என்னும் முடிவை அதற்குள் வைத்தவர்கள் மனிதர்களே. வண்ணப்படச் சுருளின் காலத்தில் ஒளிப்பட ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத்தோல் பெண்ணின் முகமே இருந்தது என்பதும், கறுத்த முகங்கள் படச்சுருளில் சரியாகப் பதியாமல் போயின என்பதும் இதே திரிபின் கொடிய வடிவங்கள். துறைமுகத்திலும் மீன்பிடிப் படகிலும் வெயிலில் உழைக்கும் மக்கள் வாழும் வடசென்னையில் இது வெறும் வரலாற்றுச் செய்தி அன்று.

யானைக்கவுனியை அடுத்த சௌகார்பேட்டையில் பெருந்தொகையாக வாழும் சமணர்களின் மரபு இதே சிக்கலை ஒழுக்கத்தின் பக்கமிருந்து அணுகுகிறது. மும்மணிகள் எனப்படும் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகியவற்றுள் காட்சியே முதலில் வைக்கப்படுகிறது. உண்மைப் பொருள்களின்மீது கொள்ளும் தெளிந்த நம்பிக்கை என்பது அதன் சமயப் பொருள். நல்லொழுக்கத்தின் கூறாகிய ஐந்து விரதங்களுள் ஒன்று, பிறர் தராத எதையும் கொள்ளாதிருத்தல். பொன்னும் பொருளும் பற்றிய விரதமாகவே இது பெரிதும் விளக்கப்படுகிறது. எனினும் தெருவோரத்தில் உறங்கும் கூலித் தொழிலாளியின் முகத்தை அவர் அறியாமல் கொண்டுசெல்லும் படத்துக்கும் இவ்விரதம் பொருந்தும் என்றே கொள்ளவேண்டும்; அவரிடம் எஞ்சியிருப்பது அந்த முகம் ஒன்றே என்கிற நிலையில் குற்றம் பெரிதாகிறதே தவிரக் குறைவதில்லை.

அவ்வாறு கொண்டுசென்ற வரலாறும் நீண்டது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் பிராட்வேயில் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னர் அரசுப் பள்ளியாகி, அந்தப் பத்தாண்டிலேயே ஒளிப்படக் கலையையும் பாடமாக ஏற்றது. யானைக்கவுனியிலிருந்து நடந்து சென்றுவிடும் தொலைவில் இக்கல்வி வேரூன்றியது என்பது பெருமைக்குரியது. ஆனால் அதே நூற்றாண்டில், 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிடப்பட்ட ‘இந்திய மக்கள்’ என்னும் அரசு நூல், மனிதர்களைச் சாதி, குலம் வாரியாக வகைப்படுத்தும் மாதிரிகளாகவே காட்டியது. படத்தில் இருந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்க்கவேண்டும் என்னும் எண்ணமே அதில் இல்லை. வடசென்னையைக் குற்றத்தின் நிலமாக மட்டுமே காட்டிப் பழகிய திரைப்படங்கள் பலவும் இந்தப் பார்வையின் வழிவந்தவை என்பதே உண்மை.

இதற்கு மாற்றாக எழுந்த முயற்சிகளுள், தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் இறப்பையும் பல்லாண்டுகளாகப் பதிவுசெய்துவரும் ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நடத்திவரும் வகுப்புகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. 2017-இல் வெளியான ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரான அவர், கேமராவைக் காணப்படுவோரின் கைக்கே மாற்றுகிறார். தன் தாய் மீன் ஆய்வதைத் தானே படமெடுக்கும் பிள்ளைக்குக் காண்பவர், காணப்படுபவர் என்னும் பிரிவு தளர்ந்துவிடுகிறது.

அத்தளர்வின் தத்துவப் பொருளை மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டார். கண் தானாகக் காண்பதில்லை, உயிர் அதற்குக் காட்டித் தானும் உடன் நின்று காண்கிறது. அதுபோலவே உயிரும் தானாக அறிவதில்லை, இறைவன் அதற்கு அறிவித்துத் தானும் உடன் அறிகிறான் என்பது சிவஞான போதத்தின் பதினொன்றாம் சூத்திரத்தின் கருத்து. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இதை உரையாசிரியர்கள் இரண்டாகப் பிரித்துச் சொல்வர். லென்ஸைக் கண்ணாகவும் மாணவரை உயிராகவும் கொண்டு பார்த்தால் ஒளி என்னும் மூன்றாவது ஒன்று இன்றி இரண்டும் செயலற்றவை என்பது விளங்கும். இங்கே காட்டும் உபகாரத்தை ஆசிரியர்கள் பலரும் நன்றாகவே செய்கின்றனர். ஷட்டர் வேகமும் ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்திறன் அளவும் வகுப்பில் தெளிவாகச் சொல்லப்படுகின்றன. உடன்காணுதலே விடுபட்டுப்போகிறது. படம் ஆசிரியரின் மதிப்பெண்ணுக்கும் கண்காட்சிச் சுவருக்கும் போகிறது; அதில் இருக்கும் மனிதரிடம் போவதில்லை.

ஆகவே ஒளிப்படம் கற்பிக்கும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒருவரைப் படமெடுத்த மாணவர் அவரிடமே திரும்பிச் சென்று, படத்தைக் காட்டி, அருகிலிருந்து சேர்ந்து பார்த்து, அவர் வேண்டாம் என்றால் அழித்துவிட்டு, வேண்டும் என்றால் அச்சுப்படி ஒன்றைக் கொடுத்து வருவதைப் பாடத்திட்டத்தின் பகுதியாகவே வையுங்கள்.