கூட்டைக் கலைக்கிறவர் குஞ்சைக் கைவிடுகிறவரா?

இந்த மாதம் நாம் தியானிக்கப்போகிற வேதபகுதி உபாகமம் 32:11. வேதாகமத்தை எடுத்து ஒருமுறை வாசித்துவிட்டு மேலே படியுங்கள். மோசே தன் கடைசி நாட்களில் இஸ்ரவேல் ஜனத்துக்குப் பாடின பாட்டு அது. கர்த்தர் தம்முடைய ஜனத்தை நடத்தின விதத்தை, கழுகு தன் குஞ்சுகளை நடத்துகிற விதத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுகிறார்.

இந்த வசனத்தை வைத்து நம் கூட்டங்களில் அடிக்கடி ஒரு கதை சொல்லப்படுகிறது. தாய்க்கழுகு குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு உயரே போகுமாம். அங்கேயிருந்து கீழே தள்ளிவிடுமாம். தரையில் மோதுகிற நேரத்தில் பாய்ந்து வந்து பிடித்துக்கொள்ளுமாம். குஞ்சு பறக்கப் பழகும்வரை இப்படியே செய்யுமாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. கூட்டத்தில் "அல்லேலூயா" என்று சத்தமும் எழும்பும். ஆனால் அந்தக் கதை வீட்டுக்குப் போய் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும், பிரியமானவர்களே.

நம் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு தகப்பனார், பன்னிரண்டாம் வகுப்பில் தவறிப்போன தன் மகனை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிட்டார். நான் போய்க் கேட்டேன். "பாஸ்டர், கழுகு தன் குஞ்சைத் தள்ளித்தானே விடுது? விழுந்து எழுந்தாத்தான் புத்தி வரும்" என்றார். இன்னொரு சகோதரி, 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வலையும் போய், வீட்டுக்குள் தண்ணீரும் நின்றபோது என்னிடத்தில் கேட்டார்: "ஐயா, நான் விழுறேனா பறக்கிறேனான்னு கர்த்தர் மேலேயிருந்து தள்ளிவிட்டுப் பார்க்கிறாரா?" ஒரே கதை ஒரு தகப்பனைக் கடினமாக்கிற்று, ஒரு விதவையைக் கலங்கப்பண்ணிற்று. ஆகையால் மெய்யான கழுகு தன் கூட்டில் என்ன செய்கிறது என்று நாம் அறிந்துகொள்வது அவசியம்.

இதைப் பார்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். உலகத்தின் பல கடற்கரைகளிலும் தீவுகளிலும் கழுகுக் கூடுகளைத் தூரத்திலிருந்து வருஷக்கணக்காய்க் கவனித்து, முட்டை இட்ட நாளையும் குஞ்சு பறந்த நாளையும் குறித்து வைக்கிறவர்கள் அவர்கள். நம் நாட்டிலேயே மகாராஷ்டிராவின் கொங்கண் கடற்கரையில் சிப்ளூன் ஊரைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ரா என்ற அமைப்பினர் 1990களில் கடற்கழுகுக் கூடுகளைத் தேடிக் கணக்கெடுத்தார்கள். அதே கடற்கழுகு நம் பழவேற்காடு ஏரியிலும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலும் இருக்கிறது. வலை இழுக்கும்போது தலைக்குமேல் சுற்றுகிற செம்பருந்து வேறே. கடற்கழுகு அதைவிட ரொம்பப் பெரிசு. முதுகு சாம்பல் நிறம், தலையும் வயிறும் பால்போல் வெள்ளை. இறக்கையை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறக்குறைய 2 மீட்டர். மீனைக் காலால் அள்ளும், கடற்பாம்பையும் பிடித்துத் தின்னும்.

மோசே சொன்னது இதே பறவையைத்தானா என்று சிலர் கேட்கலாம். எபிரெய மொழியில் 'நெஷெர்' என்கிற வார்த்தை கழுகையும் குறிக்கும், பிணந்தின்னிக் கழுகையும் குறிக்கும். மீகா 1:16ல் அதன் மொட்டைத் தலையைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் பாருங்கள். வனாந்தரத்தில் மோசே கண்டது நம் கடற்கழுகு அல்ல. ஆனாலும் குஞ்சு வளர்க்கிற பொறுமையில் இவையெல்லாம் ஒரே குடும்பம்தான்.

1. கூடு

கடற்கழுகு ஜோடி உயரமான மரத்தில் சுள்ளிகளால் கூடு கட்டுகிறது. ஒரு வருஷத்தோடு அதை விட்டுவிடுவதில்லை. அநேகமாய் அதே கூட்டுக்கே திரும்பி வந்து, பழைய சுள்ளிமேல் புதுச் சுள்ளி வைத்து, பச்சை இலை பரப்பிச் சரிசெய்கிறது. இப்படி வருஷாவருஷம் கூடு பெருத்துக்கொண்டே போகும்.

நம் குடும்ப ஜெபமும் இப்படித்தான் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு கன்வென்ஷனில் கண்ணீர் விட்டுவிட்டு, மற்ற நாளெல்லாம் கூட்டைத் திரும்பிப் பாராதிருந்தால் குஞ்சு எங்கே தங்கும்? தினம் ஒரு சுள்ளி போதும். ராத்திரி விளக்கை அணைக்கும் முன் ஒரு சங்கீதம், பிள்ளைகள் தலையில் கைவைத்து ஒரு ஜெபம்.

இன்னொரு காரியம். முட்டையிடுகிற சமயத்தில் மனுஷர் கூட்டுக்குக் கிட்டே போய்த் தொந்தரவு செய்தால், இந்தப் பறவை கூட்டையே விட்டுப் போய்விடக்கூடும். அதனால்தான் கவனிக்கிறவர்கள் தூரத்தில் இருந்தே பார்க்கிறார்கள். பறவைக் கூட்டைக் கண்டால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உபாகமம் 22:6, 7ல் கர்த்தர் ஒரு கட்டளையே கொடுத்திருக்கிறார். நம் நாட்டின் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் கடற்கழுகைக் காக்கிறது. நம் தோப்பில் கூடு இருந்தால் அந்த மரத்தை வெட்டாதீங்க. பிள்ளைகளைக் கல் எறிய விடாதீங்க. இதுவும் வேதத்துக்குக் கீழ்ப்படிதல்தான்.

2. முட்டை

அமெரிக்க தேசத்தில் கலிபோர்னியாவுக்கு எதிரே கடலுக்குள் சில தீவுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே வெண்தலைக் கழுகுகள் நிறைய இருந்தன. பிறகு ஒன்றும் இல்லாமல் போயின. முக்கியமான காரணம் டி.டி.டி. மருந்து. மலேரியா ஆட்கள் வீட்டுச் சுவரில் அடித்துவிட்டுப் போவார்களே, அதே மருந்துதான். அங்கே அதைத் தயாரித்த தொழிற்சாலைக் கழிவு வருஷக்கணக்காய்க் கடலில் கலந்தது. தண்ணீரிலிருந்து சிறு பூச்சிகளுக்கு, பூச்சியிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து கழுகுக்கு அந்த விஷம் ஏறிற்று. தாய்ப்பறவை சாகவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது இட்ட முட்டையின் ஓடு மெலிந்துபோயிற்று. அடைகாக்க உட்கார்ந்தபோது தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்கிற்று.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. அந்தத் தாய்க்கு அன்பு இல்லையா? அன்போடுதான் உட்கார்ந்தது. ஆனால் அது விழுங்கினது முட்டையில் தெரிந்தது. தகப்பன்மாரே, நாம் எதை விழுங்குகிறோம்? டாஸ்மாக் கடையிலிருந்து வருகிறதை மட்டும் சொல்லவில்லை. மற்ற குடும்பத்தின்மேல் வைத்திருக்கிற கசப்பு, பங்காளிமேல் தீராத கோபம், வீட்டுக்குத் தெரியாமல் வாங்கின கந்துவட்டிக் கடன், இவையெல்லாம் உள்ளே போகிற விஷம்தான். வெளியே நாம் நன்றாயிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டி சபைக்கு வருகிறோம். பிள்ளையின் உள்ளத்து ஓடு மட்டும் மெலிந்துகொண்டே போகிறது.

அதற்கப்புறம் நடந்ததையும் கேளுங்கள். 1980இல் தொடங்கி அந்தத் தீவுகளில் ஒன்றான காடலினாவில் கழுகுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை கூடு கட்டின, முட்டையிட்டன, முட்டை உடைந்தது. 1989 முதல் கவனிப்பாளர்கள் வேறொரு வழி கண்டார்கள். கூட்டுக்குப் போய் மெலிந்த முட்டையைப் பத்திரமாய் எடுத்து, அந்த இடத்தில் பொய் முட்டையை வைத்தார்கள். நிஜ முட்டையை இளஞ்சூட்டுப் பெட்டியில் பொரிக்கவைத்து, குஞ்சை மறுபடியும் அதே கூட்டில் கொண்டுபோய் விட்டார்கள். தாய் தகப்பன் பறவைகள் அதை ஏற்றுக்கொண்டு இரை ஊட்டின. அமெரிக்காவில் 1972இலேயே டி.டி.டி. தடைசெய்யப்பட்டிருந்தாலும் கடலடியில் படிந்த விஷம் உடனே போய்விடவில்லை. கடைசியில் 2006இல் பக்கத்துத் தீவான சாண்டா குரூஸில் மனுஷர் உதவியில்லாமல் குஞ்சு பொரித்தது. 50 வருஷத்துக்கும் மேலாக அந்தத் தீவுகளில் நடக்காத காரியம் அது. 2007இல் காடலினாவிலும் அப்படியே பொரித்தது. 1980லிருந்து கணக்குப் போட்டால் 27 வருஷக் காத்திருப்பு!

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, உங்கள் ஊழியம் இதுதான். வீட்டில் நொறுங்கிப்போகிற பிள்ளையை எடுத்துக் கொஞ்சநேரம் சூடு கொடுக்கிறீர்கள். ஆனால் ஒன்றை மறக்காதீங்க, பிள்ளையைத் திரும்ப அதன் கூட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கிறதற்கு நாம் அழைக்கப்படவில்லை. பெற்றோர்களே, மனந்திரும்பின மறுநாளே பிள்ளை மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீங்க. விஷம் இறங்கக் காலம் ஆகும். ஆனால் கர்த்தருடைய கிருபையால் இறங்கும்.

3. குஞ்சு

இப்போது அந்தத் தள்ளிவிடுகிற கதைக்கு வருவோம். கடற்கழுகு பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். ஏறக்குறைய ஆறு வாரம் அடைகாக்கும். குஞ்சு வெளியே வந்த பிறகு, நடுப்பகல் வெயிலில் தாய் அதன்மேல் இறக்கையை விரித்து நிழல் கொடுக்கும். மோசே சொன்ன விரிந்த செட்டை இதுதான். குஞ்சுகளின்மேல் அசைவாடுகிறதைச் சொல்ல மோசே உபயோகித்த எபிரெய வினைச்சொல், ஆதியாகமம் 1:2ல் ஜலத்தின்மேல் தேவ ஆவியானவர் இருந்த விதத்தைச் சொல்லுகிற அதே சொல். எறிகிற சொல் அல்ல அது, மென்மையாய் மேலே தங்கியிருக்கிற சொல்.

இரண்டரை மாதம்போல ஆனதும் குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்து அடித்துப் பார்க்கும். பக்கத்துக் கிளைக்குத் தாவும், மறுபடி கூட்டுக்கு வரும். ஒருவரும் அதைப் பிடித்துத் தள்ளுவதில்லை. அப்போது தாய் தகப்பன் என்ன செய்யுது தெரியுமா? முன்போல வாயருகே இரையைக் கொண்டுவந்து வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். சில சமயம் காலில் மீனை வைத்துக்கொண்டு, குஞ்சின் கண்ணுக்குத் தெரிகிற கிளையில் போய் உட்காரும். குஞ்சு கத்தும். தாய் அசையாது, பறந்து போய்விடவும் செய்யாது. அந்த இடைவெளியைத்தான் குஞ்சு முதல்முறை கடக்கிறது.

சில குஞ்சு தவறி விழுகிறதும் உண்டு. கவனிப்பாளர்கள் ஓடிப்போய் உடனே தூக்குவதில்லை, பொறுத்துப் பார்ப்பார்கள். ஏனென்றால் பல தடவை தாய் தகப்பனே கீழே இறங்கி, விழுந்த குஞ்சுக்கு இரை கொடுத்துப் பராமரிக்கிறதைக் கண்டிருக்கிறார்கள். பறக்கத் தொடங்கின பிறகும் குஞ்சு உடனே தனியாய் விடப்படுவதில்லை. மாதக்கணக்கில் பெற்றோரின் எல்லைக்குள்ளேயே இருந்து இரை பிடிக்கக் கற்றுக்கொள்ளும்.

அப்படியானால் சுமந்துகொண்டுபோகிறது எங்கே என்று கேட்பீர்கள். யாத்திராகமம் 19:4ஐயும் உபாகமம் 1:31ஐயும் சேர்த்துப் பாருங்கள். எகிப்திலிருந்து சுமந்தவர் கர்த்தர். ஒரு மனுஷன் தன் பிள்ளையைத் தூக்கிச் சுமப்பதுபோல அவர் சுமந்தார் என்று மோசேதான் சாட்சி சொல்லுகிறார். பறவை செய்வதைக் காட்டிலும் அதிகமாய் நம் தேவன் செய்கிறார். ஓசியா 11:3ல் அவர் நடை பழக்குகிற தகப்பனாய்க் காணப்படுகிறார். கையைப் பிடித்துக்கொண்டு பழக்குகிறவர்!

மீன் பிடிக்கிற ஜனமாகிய நமக்கு யோவான் 21ஆம் அதிகாரம் நன்றாய்ப் புரியும். ராமுழுதும் வலை போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. அவர்களில் ஒருவன் ஆண்டவரை மூன்றுதரம் மறுதலித்தவன். விடியற்காலத்தில் இயேசு எங்கே நிற்கிறார்? கரையிலே. கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலே. அடுப்புக்கரிமேல் மீனை வைத்துக்கொண்டு, சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிறார். எதிர்க்கிளையில் மீனோடு உட்கார்ந்திருக்கிற கழுகை இப்போது நினைத்துப் பாருங்கள். பேதுரு தண்ணீரில் குதித்து அந்த இடைவெளியைக் கடந்தான். கர்த்தர் அவனைத் தள்ளவில்லை, கூப்பிட்டார்.

ஆகையால் அந்தத் தகப்பனாருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன். மகனைக் கதவுக்கு வெளியே நிறுத்தாதீங்க. அவன் மறுபடி பரீட்சை எழுதட்டும், அல்லது ஒரு தொழில் பழகட்டும், அவன் எட்டிப் பிடிக்க வேண்டியதை நீங்களே எட்டிக் கொடுக்காதீங்க. ஆனால் சோறு அவனுக்கு இருக்கட்டும். நீங்கள் அவன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருங்க. பொன்னேரிக்கோ சென்னைக்கோ படிக்கப் போக ஆசைப்படுகிற பிள்ளையைப் பயத்தினால் கூட்டிலேயே கட்டிவைக்கிற தாய்மாரே, உங்களுக்கும் இதே வார்த்தைதான். இறக்கை முளைத்த குஞ்சுக்கு விளிம்பு வேண்டும். போகட்டும், நீங்கள் கிளையில் இருங்க.

கூடு கலைந்துபோன சகோதரியே, சகோதரனே, வலை போயிருக்கலாம், வீடு போயிருக்கலாம், முகத்துவாரம் தூர்ந்து தொழிலே போயிருக்கலாம். உம்மைக் கீழே தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கிற தேவனை வேதத்தில் நான் காணவில்லை. விழுந்த இடத்துக்கே இறங்கி வருகிறவரைத்தான் காண்கிறேன். இறங்கி வந்தவருக்குப் பெயர் இயேசு.

பிரசங்கிக்கிற சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சத்தியத்தைச் சொல்ல நமக்குப் பொய்க்கதை தேவையில்லை. கர்த்தர் உண்டாக்கின பறவை, உள்ளபடியே அவருக்குச் சாட்சி சொல்லும்.

ஜெபிப்போமா? அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் கூடுகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். எங்களுக்குள் இருக்கிற விஷத்தை இயேசுவின் இரத்தத்தினால் கழுவும். விளிம்பில் நிற்கிற எங்கள் பிள்ளைகளுக்குத் தைரியம் தாரும். விழுந்து கிடக்கிறவர்களண்டைக்கு நீர் இறங்கி வாரும். எங்களையும் இறங்கிப் போகிறவர்களாக்கும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.